அப்பாவின் பிஸ்கட் டப்பாவும் மூன்று கவுண்டர்களும்

அப்பாவின் தலைத்திவசத்துக்காக ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம். எனக்கு லீவு பதினெட்டு நாள். சடங்கெல்லாம் முடிந்த மறுநாள் தம்பி பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினான். மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டது. உள்ளே அப்பா சேர்த்த காசுகள்.

அப்பா பெரிய சேகரிப்பாளர் இல்லை. கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் சட்டைப் பையிலிருந்து டப்பாவுக்கு மாற்றிவிடுவார். ஆனால் அறுபது வருடம் அப்படிச் செய்தால் டப்பா நிறைந்துவிடுகிறது. நயா பைசா, ஆறு மூலை மூன்று பைசா, சதுர ஐந்து பைசா, பூ மாதிரி ஓரம் வைத்த பத்து பைசா, ஓட்டைக் காலணா, பித்தளையில் தாமரை போட்ட இருபது பைசா. அடியில் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த கொஞ்சம் பழைய சரக்கு.

வீடியோ அழைப்பில் அக்காவிடம் காட்டினேன். அக்கா டொராண்டோவில் இருக்கிறாள். "என் பங்கைத் தபாலில் போட்டு விடுடா, பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்றாள். அத்தை மகன் ஆக்லாந்தில். அவனுக்கும் ஒரு பங்கு என்று முடிவானது. நான் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பி அங்கிருந்து அனுப்பினால் செலவு பல மடங்கு. ஊரிலிருந்தே அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால், ஒரு பைசாவிலிருந்து இருபது பைசாவரை ஆறு அலுமினியக் காசும் சேர்ந்து பத்து கிராமைத் தாண்டவில்லை. ஒரு கடிதத்தின் எடைகூட இல்லை! இதற்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

இதற்கிடையில் சித்தி செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பத்துப் பதினைந்து காசைப் புளி போட்டு ஊறவைத்து, விபூதியால் துலக்கி, பளபளவென்று தட்டில் பரப்பி வைத்திருந்தார். "பாரு, புதுசு மாதிரி ஆயிடுச்சு." குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அதன் மேல் படிந்த நிறம்தான் வயது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் சேகரிப்பாளர்கள் தொடக்கூட யோசிப்பார்கள். சித்தியிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. மீதி டப்பாவை மட்டும் என் அறைக்கு மாற்றிக்கொண்டேன்.

முதல் கவுண்டர், தபால் ஆபீஸ். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். பத்து மணிக்குப் போனேன், சர்வர் இல்லை. பதினொன்றரைக்குச் சர்வர் வந்தது, கவுண்டர்க்காரர் எழுந்து போனார். திரும்பி வந்தபின் "வெளிநாட்டுக்கா? ஆதார் ஜெராக்ஸ்?" என்றார். என்னிடம் ஆதார் இல்லை. தம்பி பெயரில் அனுப்பலாம் என்று அவனுக்குப் போன் போட்டு, எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் வாட்ஸாப்பில் வாங்கிப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்காக அவன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷத்தில் "ரிஜிஸ்டர் தபால்" என்று சொன்னதற்கு, உள்நாட்டில் 2025இல் அது ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது என்று திருத்தினார். சிறுவயதில் ரிஜிஸ்டர் தபால் வந்தால் வீடே பயப்படும். அந்தப் பயத்துக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"உள்ளே என்ன சார்?"

"பழைய காசு."

அவர் பேனாவை மூடிவிட்டார்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் பக்கத்து மேசையில் இருந்த மூத்த அம்மா ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். எனக்கு அந்த ஒன்றரை நாளில் கிடைத்த ஒரே நல்ல சேவை அது. விஷயம் இதுதான்: நாணயம், பணத்தாள், தங்கம், வெள்ளி, நகை இவையெல்லாம் சாதாரண வெளிநாட்டுக் கடிதத்திலோ சிறு பொட்டலத்திலோ போகக் கூடாது என்பது உலகத் தபால் ஒன்றியத்தின் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. காப்பீடு செய்த உறையில் போகலாம். அனுப்பும் நாடு, வாங்கும் நாடு இரண்டின் சட்டமும் ஒப்புக்கொண்டால் மட்டும் மூடிய உறையில் பதிவுத் தபாலாகப் போகலாம். காப்பீட்டுச் சேவை எல்லா நாட்டுக்கும் கிடையாது. அந்த ஆபீஸில் அதை எடுப்பதே இல்லையாம்.

"மேடம், இதெல்லாம் செல்லாத காசு. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழேயும் 2011 ஜூன் 30ஓடு போய்விட்டதே. இது பணமே இல்லை, வெறும் தகரம்" என்று வாதாடிப் பார்த்தேன்.

"விதியில நாணயம்னுதான் சார் இருக்கு. செல்லுமா செல்லாதான்னு அது கேக்கல" என்றார்.

யோசித்தால் நியாயம் புரிகிறது. காசு வைத்த உறை கையில் எடுத்தாலே தெரியும், குலுக்கினால் இன்னும் தெரியும். வழியில் எத்தனை கை, எத்தனை இயந்திரம்! அட்டையில் ஒட்டாமல் சும்மா போட்ட காசு உறையைக் கிழித்துக்கொண்டு விழுந்துவிடும். தொலைந்தபின் அதன் மதிப்பு ஒரு ரூபாயா ஒரு லட்சமா என்று யார் சண்டை போடுவது?

லட்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. டப்பா விஷயம் தெருவில் பரவி, தினம் ஒருவர் வந்து "அந்தக் காசு அஞ்சு லட்சத்துக்குப் போகுதாமே, யூட்யூப்ல சொன்னான்" என்றார்கள். இப்படி ஆசை காட்டி முன்பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரிக்கை வெளியிட்டது. தாமரை போட்ட இருபது பைசாவுக்கு மட்டும் உண்மையிலேயே கேள்வி உண்டு. 1968 முதல் 1971 வரை அடித்தது. லட்சுமி பூஜைக்கு நூற்றெட்டு காசாக வாங்குகிறார்கள். அதுவும் லட்சத்துக்கு அல்ல.

இரண்டாவது கவுண்டர், கூரியர் கடை. ஏசி, நாற்காலி, தண்ணீர் பாட்டில். அரைக் கிலோவுக்குள் டொராண்டோவுக்கு மூவாயிரத்துக்கும் மேலே கேட்டார்கள். டப்பாவில் இருக்கும் எல்லாவற்றையும் விற்றால்கூட அவ்வளவு தேறுமா என்பது சந்தேகம். காசு என்றதும் இவர்களும் தயங்கினார்கள். அப்புறம் அந்தப் பையன் குரலைத் தாழ்த்தி, "பில்லுல மெட்டல் பட்டன்னு போட்டுடலாம் சார், எல்லாரும் அப்படித்தான்" என்றான். ஒரு நிமிடம் சபலம் தட்டியது. ஆனால் பட்டன் என்று எழுதிய பொட்டலம் காணாமல் போனால் பட்டனுக்குத்தான் நஷ்டஈடு கிடைக்கும். சுங்கத்தில் பிரித்துப் பார்த்தால் பொய்யான அறிவிப்பு என்று தம்பியின் ஆதாரில்தான் வந்து விடியும். வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

மூன்றாவது, பழைய நாணய வியாபாரி ஒருவர். கவுண்டர் என்று சொன்னால் மிகை; வீட்டுத் திண்ணை, மேல் ஒரு மேசை, பூதக்கண்ணாடி. காசை விற்க வரவில்லை, அனுப்ப வழி கேட்டு வந்தேன் என்றதும் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் காபி கொடுத்தார். மஞ்சள் துணியைப் பிரித்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, இதையும் அனுப்பப் போறீங்களா?"

உள்ளே இருந்தவை: ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவத்தோடு நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர் போட்ட தேய்ந்த செப்புக்காசு ஒன்று, 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று, 1919ஆம் ஆண்டு ஓரம் வளைந்து வளைந்து வரும் ஓரணா ஒன்று, 1926 காலணா இரண்டு. அந்த 1911 ரூபாயைத்தான் 'பன்றி ரூபாய்' என்பார்கள். மன்னர் அங்கியில் வரைந்த யானை பார்ப்பதற்குப் பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, காசைத் திரும்பப் பெற்று, அடுத்த வருடம் யானையின் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். அப்பா இதை எங்களுக்கு ஆயிரம் முறை காட்டியிருக்கிறார். பன்றியா யானையா என்று வாக்கெடுப்புகூட நடத்துவார்.

வியாபாரி சொன்னது எனக்குப் புதிது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு வருடம் ஆன நாணயம் தொல்பொருள். நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனி ஆள் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவோ அனுப்பவோ முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை. தபால், கூரியர், கைப்பை எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். நூறு ஆகாத பொருளைச் சுங்கத்தில் யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு, தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கலாம். அவர்களுடைய சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. என் காசில் வருடம் பொறித்திருக்கிறது, அதனால் சான்றுக்காகச் சென்னைவரை போகவில்லை.

1926 காலணாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். போன வருடம் வந்திருந்தால் அது வெறும் பழைய காசு. இந்த ஜனவரியில் அதற்கு நூறு என்ற கணக்கு வந்துவிட்டது. டப்பாவில் வருடத்துக்கு ஒரு காசாக ஊரிலேயே தங்கிவிடுகிறது.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். டப்பாவில் 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியிட்ட திருவள்ளுவர் காசுகள் இருந்தன, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். அண்ணாவின் கையெழுத்தைத் தமிழிலேயே பொறித்த 2009ஆம் ஆண்டு ஐந்து ரூபாயும் இருந்தது. இப்படிப்பட்ட நினைவு நாணயங்களை இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவோ அனுப்பவோ இரண்டிரண்டு என்று 2015ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிமுறையில் அளவு உண்டு. அப்பா திருவள்ளுவரை மட்டும் பதினோரு காசு வைத்திருந்தார்.

ஆக, பங்கு பிரிக்கும் வேலையை நாங்கள் செய்யவே வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் துணி தம்பியிடமே தங்கிவிட்டது. அலுமினியக் காசுகளில் மூன்று செட்டும், நினைவு நாணயத்தில் இரண்டிரண்டும் என் கைப்பையில். அக்கா கோடை விடுமுறைக்கு என்னிடம் வரும்போது வாங்கிக்கொள்வாள். ஆக்லாந்துக்காரன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டுவதற்குத் தனியாகச் செலவழிக்கவில்லை. வீட்டில் குவிந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டையைச் சதுரமாக வெட்டி, நடுவில் காசளவு துளை போட்டு, இருபுறமும் பட்டர் பேப்பர் ஒட்டினோம். காசு ஆடாது, சத்தம் வராது. மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக் உறைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; நாள்பட்டால் காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும்.

திருச்சி விமான நிலையத்தில் கைப்பையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். எக்ஸ்ரேயில் கறுப்புக் கட்டியாகத் தெரிந்திருக்கும். திறந்து காட்டினேன். பாதுகாப்பு அதிகாரி சதுர ஐந்து பைசாவை எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

தபாலில் ஒன்றுமே போகவில்லையா என்றால், போனது. கிளம்புவதற்கு முந்தின இரவு தம்பி மகள் நோட்டுப் பேப்பரைக் காசின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாங்களும் ஒரு காலத்தில் செய்ததுதான். எனக்கும் கை துறுதுறுக்கவே, இரண்டு பேருமாக உட்கார்ந்து முப்பது காசைத் தேய்த்து எடுத்தோம், பன்றி ரூபாய் உட்பட. இரண்டு தாள். சாதாரண விமானக் கடிதம், டொராண்டோவுக்கு. ஒரு நெய் ரோஸ்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த செலவு. அதே கவுண்டர். "உள்ளே என்ன சார்?" "காகிதம்." முத்திரை குத்தினார்.

மூன்று வாரம் கழித்து அக்காவின் சின்ன மகள் கூப்பிட்டாள். பன்றி ரூபாயைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஓட்டைக் காலணாவை. நடுவில் ஏன் வெள்ளையாக விட்டுவிட்டீர்கள், தேய்க்க மறந்துவிட்டீர்களா மாமா என்றாள். மறக்கவில்லை, அங்கே காசே கிடையாது, யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள், தாத்தா குழந்தையாக இருந்தபோது அதைத்தான் அரைஞாணில் கோத்துவிட்டிருந்தார்கள் என்றேன். எனக்கு அது வேண்டும் என்றாள்.

அது தம்பியிடம் இருக்கிறது. வருடம் 1943 என்று போட்டிருக்கிறது. 2043க்குள் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.