ரைசன் 5 5600: குறைந்த காசில் ஓவர்கிளாக் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு

ஏஎம்டியின் இந்த ப்ராசசரை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் விண்டோஸைவிட பயாஸ் திரையைத்தான் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) அதிகம் பார்த்திருப்பேன், அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

ஓவர்கிளாக் (ப்ராசசரை விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) என்று பேச்செடுத்தாலே பழைய ஆட்கள் இன்டெலின் செலரான் 300ஏ கதைக்குப் போய்விடுவார்கள். 1998-இல் வந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை (ப்ராசசரும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதை) 100 ஆக்கினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும், பாதிக்குப் பாதி லாபம். அப்புறம் 2014-இல் பென்டியம் ஜி3258, இரண்டே கோர், ஆனால் பூட்டில்லாதது, அதாவது வேகத்தை நாமே மாற்ற விடுவது, 3.2 கிகாஹெர்ட்ஸில் வந்ததை 4-க்கு மேல் ஏற்றி ஆசை தீர விளையாடினார்கள். இப்போது அப்படியெல்லாம் கிடையாது. ப்ராசசர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே தம் கட்டித்தான் ஓடுகின்றன, நமக்கென்று விட்டுவைப்பது அடி மண்டி மாதிரி கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக எவ்வளவு செலவு செய்யலாம் என்பதுதான் கேள்வியே.

இன்டெல் பக்கம் முதலில் போய்ப் பார்த்தேன். பெயரில் கே இருக்க வேண்டும், மதர்போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் மல்டிபிளையரை (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்) தொட முடியும். பி660 போர்டில் ரேமை ஏற்றலாம், ப்ராசசரை ஏற்ற முடியாது. கோர் ஐ5 12600கே நல்ல சிப்தான், ஆறு பெரிய கோர், நாலு சின்ன கோர், ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் அடிப்படை மின்செலவே 125 வாட், டர்போவில் 150, பெட்டிக்குள் கூலரும் கிடையாது. இசட் போர்டு, பெரிய கூலர் என்று கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் பட்ஜெட் என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. ஐ3 12100எஃப் விலைக்கு அருமையான சாமான், ஆனால் பூட்டுப் போட்டது, ஓவர்கிளாக் ஆசை இருக்கிறவர்களுக்கு ஆகாது.

ஏஎம்டியில் இந்த வம்பு குறைவு. ரைசன் 5000 டெஸ்க்டாப் வரிசையில் எக்ஸ்3டி என்று பெயர் முடிகிற சிப்கள் மாதிரி விதிவிலக்கு தவிர மற்றதெல்லாம் திறந்தே வருகிறது. போர்டில்தான் கவனம் வேண்டும்: ஏ320, ஏ520 இரண்டிலும் ப்ராசசர் ஓவர்கிளாக் இல்லை, பி450 அல்லது பி550 வேண்டும். 5500-ம் 5600-ம் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 5500-இல் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பிதான், பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டு மாதிரியானவற்றோடு பேசும் பாதை) 3.0-உடன் நின்றுவிடுகிறது. 5600-இல் 32 எம்பி, பிசிஐஇ 4.0. 5500-ஐ எவ்வளவு முறுக்கினாலும் அந்த 16 எம்பி 32 ஆகப் போவதில்லை, கேம் விளையாடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மேலே 5600எக்ஸ் இருக்கிறதே என்றால், அதே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதே கேஷ், பூஸ்ட் (சிப் தானாக ஏறும் உச்ச வேகம்) மட்டும் 4.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 4.6. அந்த 200 மெகாஹெர்ட்ஸைத்தான் நாமே ஏற்றிக்கொள்ளப் போகிறோமே, அதற்கு எதற்குத் தனியாகக் காசு?

நான் செய்த தவறு போர்டில். இருப்பதிலேயே மலிவான பி450 ஒன்றை எடுத்தேன், விஆர்எம் (ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கூட இல்லை, மொட்டையாக இருந்தது. எல்லாக் கோரையும் 4.6 கிகாஹெர்ட்ஸில், 1.3 வோல்ட்டில் நிலையாக நிறுத்திவிட்டு சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைத் தொடர்ந்து ஓட விட்டேன். பத்து நிமிடம் ஜோராக ஓடியது, அப்புறம் வேகம் பாதியாக விழுந்தது, மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. ப்ராசசர் சூடு 80-க்குள்தான் இருந்தது, அதனால் ஒரு மாலை முழுக்க கூலரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் விஆர்எம் சூட்டைப் பார்த்தால் 110 டிகிரி. ஹீட்சிங்க் உள்ள பி550 போர்டுக்கு மாறினேன், அதே சிப், அதே வோல்ட், அந்தப் பிரச்சினை அன்றோடு போயிற்று.

பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் சாதாரண ஓட்டத்துக்குப் போதும். ஏற்ற நினைத்தால் போதாது, இந்த சிப்பின் சூட்டு வரம்பு 90 டிகிரி, அது உடனே அந்த வரம்பில் போய் முட்டுகிறது. நாலு குழாய் வைத்த ஒற்றை டவர் கூலர் போட்டேன், 70 சொச்சத்தில் நிற்கிறது.

சரி, இத்தனையும் செய்து என்ன கிடைத்தது? 4.6-இல் நிறுத்தியபோது சினிபெஞ்சில் ஆறு சதவீதம் கூடியது. கேமில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஃபேன் சத்தம்தான் தெரிந்தது. ஆகவே அதைத் தூக்கிவிட்டு பிபிஓ (பூஸ்ட் வரம்பை ஏற்றும் ஏஎம்டியின் வசதி), கர்வ் ஆப்டிமைசர் (கோர்களின் வோல்ட்டைத் திருத்தும் வசதி) பக்கம் வந்தேன், உண்மையான சுவாரசியம் இங்கேதான். பூஸ்ட் வரம்பில் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, ஒவ்வொரு கோருக்கும் வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்கிறோம். குறைந்த வோல்ட், குறைந்த சூடு, அதனால் சிப் தானாகவே மேலே போகிறது. பேராசையில் எல்லாக் கோருக்கும் ஒரேயடியாக மைனஸ் 30 போட்டேன், அதுதான் கடைசி அளவு. சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் அசையாமல் ஓடியது. அன்று இரவு ஒரு பிடிஎஃப் படித்துக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் ஓடவில்லை, பட்டென்று திரை கறுத்து ரீஸ்டார்ட். விண்டோஸின் ஈவென்ட் வியூவர் பதிவில் டபிள்யூஹெச்இஏ பிழை, அதாவது ஹார்டுவேர் கோளாறு. யோசித்தால் நியாயம்தான். எல்லாக் கோரும் பாரம் சுமக்கும்போது வேகம் குறைவு, வோல்ட் போதும். சும்மா இருக்கும்போதுதான் ஏதோ ஒரு கோர் திடீரென்று உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, அப்போது வோல்ட் பற்றவில்லை. அதனால் பாரச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். கோர்சைக்ளர் என்று ஒரு இலவசக் கருவி, ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும், அதை ராத்திரி முழுக்க ஓட விட்டுவிட்டுத் தூங்கலாம். என் சிப்பில் இருப்பதிலேயே நல்ல கோர்கள் இரண்டும் மைனஸ் 12-க்கு மேல் தாங்கவில்லை, மற்ற நாலும் 25 தாங்கின. நல்ல கோருக்கு ஏற்கெனவே குறைந்த வோல்ட்தான் தருகிறார்கள், அதிலிருந்து இன்னும் எவ்வளவுதான் பிடுங்குவது!

கேமில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் ரேமால் வந்தது. 3200-இல் இருந்த டிடிஆர்4-ஐ 3600 ஆக்கி, இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கை (சிப்பின் உள்பகுதிகளை இணைக்கும் பாதை) 1800-இல், ரேமின் உண்மையான கடிகாரத்தோடு ஒன்றுக்கு ஒன்றாக வைத்ததும் இடையிடையே வந்த திக்கல் குறைந்தது.

குறை என்று பார்த்தால் இந்த ப்ராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் இனி மேலே போக அதிக வழி இல்லை. போர்டு, ரேம் எல்லாமே புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் ரைசன் 5 7600-இன் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், டிடிஆர்5 விலையைச் சேர்த்து. வீட்டில் டிடிஆர்4 சும்மா கிடக்கிறது என்றால் 5600தான், யோசிக்கவே வேண்டாம். இதில் கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது, பிபிஓ-வும் அதில் சேர்த்திதான், "அது கம்பெனியே கொடுத்த வசதிதானே" என்று வாதாட முடியாது.

போன வாரம் கை சும்மா இருக்காமல் ரேமை 3800-க்குத் தள்ளிப் பார்த்தேன். மூன்று முறை ஆன் ஆகி ஆஃப் ஆனது, சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) அழித்துவிட்டு எல்லா எண்ணையும் திரும்ப உட்கார்ந்து அடித்தேன். 3600-இலேயே இருக்கட்டும்.