காதல் கதையா, பேய்க் கதையா?

கல்லடியில் எனக்கும் மச்சாளுக்கும் ஸ்டெபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவலால் இன்னும் சண்டைதான். 2005இல் வந்தது. அவளுக்கு அது சுத்தமான காதல் கதை. கடிக்கத் துடிக்கும் இரத்தக்காட்டேரி தன்னை அடக்கிக்கொள்கிறானே, அதுதான் காதலாம். எனக்கோ அரைகுறைப் பேய்க் கதை. வெயிலில் மினுங்கும் பேய்க்கு யார் பயப்படுவது? 1918இல் காட்டேரியாகி 17 வயதோடு நின்றுபோனவன், இரவில் பள்ளிக்கூடப் பிள்ளையின் அறைக்குள் புகுந்து அவள் தூங்குவதைப் பார்ப்பதுதான் அதைவிட உறுத்துகிறது. நம் ஊரென்றால் அப்பா பொல்லோடு வந்திருப்பார்! “உனக்கு ரசனை இல்லடி” என்கிறாள் மச்சாள். சரி, காதலுக்காகப் படிப்பவர்கள் அவள் பேச்சைக் கேட்கலாம். நடுங்க ஆசையென்றால் அம்மம்மாவிடம் மோகினிக் கதை கேளுங்கள். கதை நடக்கும் ஃபோர்க்ஸ் ஊரின் ஓயாத மழை மட்டும் இருவருக்கும் பிடிக்கும். இந்த நாவலை மார்கழியில், வாவி நிரம்பி நிற்கும்போது படிக்க வேண்டும்.