கல்யாண போட்டோவும் வீடியோவும்: ஒரே ஸ்டுடியோவா, தனித்தனி ஆளா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கல்யாணம் நிச்சயமானால் போட்டோ, வீடியோ பற்றி வீட்டில் மூன்று யோசனைகள் கிளம்பும். இரண்டையும் ஒரே ஸ்டுடியோவிடம் ஒப்படைத்துவிடலாம். போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு இன்னொருவர் என்று நாமே தேடிப் பிடிக்கலாம். இல்லையென்றால், "ரெண்டையும் நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் ஒற்றை ஆளை நம்பலாம்.

கடைசி யோசனையை முதலில் தள்ளிவிடுவோம். 4கே வீடியோவிலிருந்தே படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிக் கிடைப்பது சுமார் 8 மெகாபிக்சல் படம். வாட்ஸ்அப்புக்குத் தாராளம், ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு விரிக்கப் பத்தாது. அதோடு, நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோவுக்கு ஷட்டரை வழக்கமாக 1/50 நொடியில் வைப்பார்கள். ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தால், அட்சதை தூவும் கை அதில் கலங்கித்தான் தெரியும். கோயிலில் நெருங்கிய சொந்தத்தோடு முடிகிற கல்யாணம் என்றால் சரி, ஒருவர் சமாளிப்பார். சாட்ஸ்வொர்த்தில் பெரிய மண்டபம் பிடித்து நடத்துவதற்கு வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஒரே ஸ்டுடியோ என்றால் நமக்கு அலைச்சல் குறைவு. எந்த விளக்கு, எங்கே வைப்பது என்பதை அவர்களே பேசி முடித்திருப்பார்கள். ஆனால் பல ஸ்டுடியோக்களில் பெயர் வாங்கித் தந்தவர் போட்டோக்காரராக இருப்பார்; வீடியோவுக்கு வருபவர் அன்றைக்குக் கிடைத்த ஆள். புரட்டாசி விரதம் முடிந்து கல்யாணங்கள் அடுக்கடுக்காக வரும் ஞாயிறுகளில் இது இன்னும் மோசம்.

தனித்தனியாகப் பிடித்தால் இருவரின் வேலையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இருவருமே கெட்டிக்காரர்கள். சிக்கல் தாலி கட்டும் நேரத்தில் வரும். வீடியோக்காரர் ஸ்டாண்டு போட்டு எதிரே நிற்பார். போட்டோக்காரர் அகல லென்ஸோடு மணவறைக்கு ஒட்டிப் போவார். என் அத்தை பேத்தியின் கல்யாண வீடியோவில் கெட்டிமேளம் ஒலிக்கிறது, பூ பறக்கிறது, திரை முழுக்க ஒரு கறுப்புச் சட்டை முதுகு. தாலியை ஆல்பத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதுகாவது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. போட்டோக்காரரின் ஃப்ளாஷ் மின்னினால் வீடியோவின் சில ஃபிரேம்களில் பாதி வெளுத்தும் பாதி இருண்டும் பதியக்கூடும். வீடியோக்காரர் சொல்லாமல் எல்இடி விளக்கைப் போட்டால், மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்துக்கு நிறம் சரிசெய்து வைத்திருந்த போட்டோவில் மணப்பெண் முகம் நீலம் பூத்துவிடும். போட்டோக்காரர் சத்தம் வராத ஷட்டருக்கு மாற்றினால் சில எல்இடி விளக்குகளுக்குக் கீழே படத்தில் கோடு விழும். அப்புறம் மைக். நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் இடத்தில் கேமரா மைக்கை மட்டும் நம்ப முடியாது. மாப்பிள்ளை மணவறையில் உட்காருவதற்கு முன்பே சட்டையில் மைக் குத்த வேண்டும். அதே நேரத்தில்தான் போட்டோக்காரருக்கு அவர் தனியாக நிற்கும் படமும் வேண்டும்.

அதனால் நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. முதலில் போட்டோக்காரரை முடிவு செய்யுங்கள். பிறகு அவரிடமே, "வீடியோவுக்கு யார் வந்தால் உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள். சொல்லும் பெயரை அப்படியே ஏற்க வேண்டாம். இருவரும் சேர்ந்து எடுத்த ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தையும், தாலி கட்டும் பகுதியை வெட்டாத வீடியோவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழகிய ஜோடியில் ஒருவர் பக்கவாட்டில் குனிந்து எடுப்பார், மற்றவர் நடுவில் உயரத்திலிருந்து எடுப்பார். பேச்சே இருக்காது, கண்ணசைவுதான். தனித்தனியாகப் பார்த்தால் இவர்களைவிடத் திறமைசாலிகள் ஊரில் இருக்கலாம். ஆனாலும் கல்யாண வேலைக்கு நான் இந்த ஜோடியைத்தான் கூப்பிடுவேன்.

உம்லாங்கா கலங்கரை விளக்கத்தடியில் மணமக்களை நிறுத்தி எடுக்கும் படங்களிலும் இதே கதைதான். ஒருவர் நிற்கச் சொல்வார், மற்றவர் நடக்கச் சொல்வார், நேரமோ கொஞ்சம்தான். ட்ரோன் விடுவதாக வீடியோக்காரர் சொன்னால், தொழிலுக்குப் பறக்கவிட உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். டோங்காட் பக்கம் மண்டபம் என்றால் கிங் ஷாகா விமான நிலையம் அருகிலேயே இருப்பதால் அந்த ஆசையையே விட்டுவிடலாம்.

ஒப்பந்தத்தில் மட்டும் ஒரே ஸ்டுடியோவுக்குத்தான் மதிப்பெண். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்துப் போட்டோவோ வீடியோவோ எடுக்கச் சொன்னவருக்கே அதன் உரிமை. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது மாறிவிடும். ஆள் இரண்டென்றால் தாளும் இரண்டு. ஒன்றில் உரிமை உங்களுக்கு, மற்றதில் எடுத்தவருக்கு என்று இருக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அப்படியும் ஸ்டுடியோதான் வேண்டும் என்றால், வீடியோவுக்கு வரப்போகிறவரின் பெயரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.