மூவிங் பிக்சர் வேர்ல்ட்: ஆறாண்டு வாசிப்புக்குப் பின்

நியூயோர்க்கில் வெளிவந்த 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' என்ற சினிமாத் தொழில் வார இதழின் மின்வருடிய தொகுதிகளை வாசிக்கத் தொடங்கலாமா என்று, பழைய சினிமா பற்றிக் கட்டுரை எழுதவிருக்கும் ஹட்டன் நண்பர் ஒருவர் கேட்டார். 1907 மார்ச்சில் ஜே. பி. சாமர்ஸ் அதைத் தொடங்கியதும், 1912இல் அவர் இறந்த பின்னும் இதழ் நிலைத்ததும், 1927 முடிவில் போட்டி இதழொன்றுடன் இணைக்கப்பட்டதும் நண்பர் அறிந்தவையே.

ஆறாண்டுகளாக என்னை அதில் பிடித்துவைத்திருப்பது எஃப். எச். ரிச்சர்ட்சன் நடத்திய படங்காட்டற் பகுதி. நடிகர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. படங்காட்டும் கருவியின் விளக்கில் ஒளிதரும் காபன் குச்சிகளைப் பொருத்துவது, வில்லையை (லென்ஸை) தெரிவது, ஃபிலிம் தீப்பற்றாமல் காப்பது எனக் கருவியை இயக்கும் ஒப்பரேட்டர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு அவர் பொறுமையாக விடை சொல்கிறார். படம் எடுக்கப்பட்ட வேகத்திலேயே காட்டப்பட வேண்டும் என்று வாதாடிய அவர், கூடுதல் காட்சிக்காகப் படத்தை விரட்டி ஓட்டச்சொன்ன முதலாளிகளைக் கடுமையாகச் சாடினார். மலையகத் தியேட்டர் ஒன்றில் ஒப்பரேட்டராக இருந்த என் அப்பா, தோட்டத்துச் சனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமென்று பாட்டொன்றைத் தூக்கிவிடச் சொன்னால் அன்றிரவு சாப்பிடமாட்டார். அந்தக் கோபத்துக்கு இவ்வளவு பழைய சொந்தம் உண்டென்பதை இந்தப் பக்கங்களில்தான் கண்டேன்.

ஆனால் தேடல் வசதியை என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கத்தில் அருகருகே நிற்கும் பத்திகளைக் கணினி குறுக்காக வாசித்துவிடுவதால், விளக்கைப் பற்றிய வாக்கியம் பாதியில் அறுந்து நாற்காலி விளம்பரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வரி முடிவில் முறிந்த சொற்கள் தேடலில் அகப்படுவதே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் குறைசொல்வது முறையா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வருடியவர்களின் உழைப்பு பெரிது, பக்கப் படங்களும் பெரும்பாலும் தெளிவானவை. ஆயினும் நான் முன்பே வாசித்திருந்த ஒரு பதிலை மீண்டும் கண்டெடுக்க, ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் தொகுதியொன்றை இரண்டு இரவுகள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். மழைக்காலத்தில் சிக்னல் அறுந்து, தரவிறக்கமும் பாதியில் நின்றுவிடுகிறது.

நண்பர் கட்டுரையை இந்த மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்கிறார். அதற்கு இது உதவாது. தொடங்கவேண்டாம் என்றே அவருக்குச் சொல்லியிருக்கிறேன். 1911ஆம் ஆண்டின் தொகுதியொன்று இப்போது என் கணினியில் இறங்கிக்கொண்டிருக்கிறது.