பேஸ்மென்டில் கஞ்சா உலர்த்தி ஐந்து அறுவடை: எது உதவியது, எது வீண் செலவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஒன்ராறியோவில். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் இது சட்டபூர்வம். இங்கே வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம், ஆளுக்கு நான்கு இல்லை, வீட்டுக்கே நான்குதான். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் அதற்கும் அனுமதி கிடையாது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து எதையும் தொடங்கிவிடாதீர்கள், அங்கே ஒரு செடிக்கே கம்பி எண்ண வேண்டிவரும்.

செடி வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. பின்வளவில் வெயில் விழும் மூலையில் நட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது பாட்டுக்கு ஆளுயரம் வந்துவிடும். நான் கெடுத்ததெல்லாம் வெட்டியதற்கு அப்புறம்தான்.

முதல் வருடம் அவசரம். சின்ன அறையில் ஹீட்டரைப் போட்டு, மின்விசிறியை நேராகப் பூக்கள் மேல் திருப்பிவிட்டேன், மூன்றே நாளில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பெருமையாக ஜாடியில் போட்டு ஒரு வாரம் கழித்துத் திறந்தால் வைக்கோல் வாசம், புகைத்தால் தொண்டையில் முள். பச்சையம் சிதைவதற்கு அவகாசமே கொடுக்காமல் காயவைத்துவிட்டேன், வாசத்தைத் தரும் டெர்பீன்களில் லேசானவையெல்லாம் அந்தச் சூட்டிலேயே பறந்துவிட்டன. பிறகு எத்தனை மாதம் ஜாடியில் வைத்தாலும் போனது வரவில்லை.

இரண்டாம் வருடம் அந்தப் பயத்தில் நேர் எதிர். வெளியே தொட்டால் காய்ந்தது போல இருந்தது, ஐந்தாம் நாளே ஜாடியில் அடைத்தேன். மூன்று நாள் கழித்து மூடியைத் திறந்தவுடன் கோழிக்கூட்டு நாற்றம், அமோனியா. நடுத்தண்டில் இருந்த ஈரம் மெல்ல வெளியே வந்து பூவை நனைத்திருக்கிறது. ஒரு ஜாடியில் வெள்ளை நூல் போலப் பூஞ்சையும் பிடித்திருந்தது, அந்த ஜாடி முழுவதையும் கொட்டினேன். "அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டால் போதும்" என்பவர்களை நம்பாதீர்கள். பூஞ்சை வித்துக்கள் நுரையீரலுக்குப் போகிற விஷயம் அது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பப்பா புகையிலைத் தோட்டம் செய்தவர். புகையிலையைப் பாடம் பண்ணும், அதாவது பதப்படுத்தும் நாட்களில் பக்கத்தில் யாரும் அவசரம் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது, இலையைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்து, முகர்ந்து, திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவார். இங்கே 'க்யூரிங்' என்று ஆயிரம் பேர் விளக்குவதும் அந்தப் பாடம்தான். பயிர் வேறு, பொறுமை ஒன்றே.

மூன்றாம் வருடம்தான் உருப்படியான ஒரு பொருள் வாங்கினேன், ஜாடிக்குள் வைக்கும் குட்டி ஈரப்பதமானி. மூன்று வாங்கி ஒரே ஜாடியில் போட்டால் ஒன்று 58 என்கிறது, இன்னொன்று 66! எதை நம்புவது? சமையல் உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு மூடியில் வைத்து, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஒரு இரவு விட்டால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். என்னுடையதில் ஒன்று 69 காட்டியது, அதன் முதுகில் டேப் ஒட்டி "+6" என்று எழுதிவிட்டேன். ஐந்து வருடத்தில் நான் போட்ட காசிலேயே அதிகம் உழைத்தது இந்த மலிவு மானியும் ஒரு சிட்டிகை உப்பும்.

இப்போது கிளைகளை இருட்டில் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். 16 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் 60க்குப் பக்கம், விசிறி சுவரைப் பார்த்து. பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். சின்னக் குச்சியை வளைத்தால் 'டக்' என்று முறியவேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஆகவில்லை. ஒரு கிளையை வெட்டிய அன்றே நிறுத்து வைப்பேன், அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக இறங்கினால் சரி. ரொறன்ரோப் பக்கம் உள்ள தலைவலி என்னவென்றால், அக்டோபர் தொடக்கத்தில் மழை, பேஸ்மென்டில் ஈரம் 70ஐத் தொடும், டீஹியூமிடிஃபையர் வேண்டும், அப்புறம் திடீரென்று குளிர் வந்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடத் தொடங்கினால் காற்று வறண்டு முதல் வருடக் கதைதான். அதனால் தினமும் இறங்கிப் பார்க்கிறேன். மனைவிக்கு வீடு முழுக்க வாசம் என்று கோபம், கார்பன் ஃபில்டர் வாங்கினேன், பாதிக் கோபம் தணிந்தது.

ஜாடியில் முக்கால் பங்குதான் நிரப்பவேண்டும். முதல் வாரம் காலையும் மாலையும் பத்து நிமிடம் திறந்து வைப்பேன், மானி 65ஐத் தாண்டினால் வெளியே எடுத்துக் காகிதத்தில் பரப்பிவிடுவேன். 58க்கும் 62க்கும் இடையில் நிலையாக நின்றபிறகு வாரத்துக்கு ஒருமுறை போதும். மூன்றாம் வாரத்தில் வைக்கோல் வாசம் போய்ச் செடியின் சொந்த வாசம் திரும்பும். எனக்குப் பிடித்தது இரண்டு மாதப் பக்குவம்.

ஜாடிக்குள் ஈரத்தை 62 சதவீதத்தில் நிறுத்தும் குட்டிப் பைகளைப் பலரும் முதல் நாளே போடச் சொல்கிறார்கள், நானும் போட்டு ஏமாந்தேன். அது காயவைக்கும் கருவி இல்லை, பக்குவமானதைக் காக்கும் காவல்காரன் மட்டும். பை கல்லாக இறுகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். காய்ந்துபோனதற்குத் தோடம்பழத் (ஆரஞ்சு) தோல் போடும் யோசனை இருக்கிறதே, அது பூஞ்சைக்கு விருந்து. காற்றை உறிஞ்சி மூடும் வேக்கும் சீலர் வாங்கியது சுத்த வீண், பூவெல்லாம் நசுங்கிவிட்டது.

வெளிச்சமும் காற்றும் பட்டால் போதை தரும் டிஹெச்சி மெல்ல மெல்ல போதை குறைந்த சிபிஎன் என்ற பொருளாக மாறும் என்பதால் ஜாடிகள் இருட்டு அலமாரியில். பூட்டோடு, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த முறை ஒரு செடியை மட்டும் இலை கழிக்காமல் முழுசாகத் தொங்கவிட்டிருக்கிறேன், மெதுவாகக் காயும் என்ற எண்ணத்தில். இன்று எட்டாம் நாள். குச்சி இன்னும் வளைகிறது.