என் பான் எண்ணில் வேறொருவர் வாங்கிய கடன்: சிபில் அறிக்கையில் எங்கே பார்க்க வேண்டும்

என் பான் எண்ணை வைத்து சென்னையில் யாரோ தவணைக்கு போன் வாங்கியிருக்கிறார். நான் இருப்பது திருநெல்வேலியில். முதல் சில டியூக்களைக் கட்டிவிட்டு ஆள் நிறுத்திக்கொண்டார். கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி என்னைத் தேடிக் கிளம்பிவிட்டது. கணக்கிலிருந்து பணம் போனால் அடுத்த நிமிடம் எஸ்எம்எஸ் வந்துவிடும். நம் பெயரில் கடன் ஏறினால் பல மாதம் கழித்துத்தான் தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆதாரில் இருப்பது எங்கள் ஊர் வீட்டு முகவரி. அங்கே அண்ணன் குடும்பம்தான் இருக்கிறது. ஒருநாள் அண்ணி போன் பண்ணி, "தம்பி, டியூல போன் ஏதும் எடுத்தீங்களா? பைக்ல ஒரு பையன் வந்து தெருவுல நின்னு கேட்டுட்டுப் போறான்" என்றார். பக்கத்து வீடுகளிலும் விசாரித்திருக்கிறான். மானம் போவது இப்படித்தான்.

அன்று இரவே கடன் அறிக்கையை எடுத்தேன். நம் பெயரில் உள்ள கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டுவது அது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இதைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி நான்கிலும் வருடம் ஒருமுறை முழு அறிக்கை இலவசம். பெரும்பாலோர் அதில் 300க்கும் 900க்கும் இடையில் வரும் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆனால் ஸ்கோர் விழுவது கடைசியில் நடக்கும் காரியம், அதற்குள் ஆள் டியூ கட்டாமல் விட்டிருப்பான். முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் இடங்கள் இரண்டு.

ஒன்று, முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ள பகுதி. என் அறிக்கையில் வேளச்சேரி முகவரி ஒன்றும், நான் கேள்விப்படாத மொபைல் எண் ஒன்றும் இருந்தன. இரண்டாவது, கடைசியில் வரும் 'என்கொயரி' பட்டியல். கடன் கேட்டு விண்ணப்பம் போனதும் கம்பெனி நம் அறிக்கையை எடுத்துப் பார்க்கும். அது இங்கே தேதியோடு பதிவாகும். எனக்குச் சம்பந்தமே இல்லாத கம்பெனிகள் அடுத்தடுத்த நாட்களில் வரிசையாகப் பார்த்திருந்தன. ஒவ்வொரு கதவாகத் தட்டி, திறந்த கதவில் அந்த ஆள் நுழைந்திருக்கிறார். இப்படி யாராவது பார்த்தால் நமக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்த வேளச்சேரி எண்ணுக்குப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது கம்பெனியின் லட்சணம். கஸ்டமர் கேரில், கடன் வாங்கியது நான் இல்லை என்று நிரூபிக்க ஆதார், பான், செல்ஃபி மூன்றையும் அனுப்பச் சொன்னார்கள். வாங்கியவரிடம் இந்த அளவு கெடுபிடி காட்டியிருந்தால் விவகாரமே வந்திருக்காது! கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை அனுப்பினேன். டிக்கெட் எண் வந்தது, பதில் வரவில்லை. வசூலுக்கு வந்தவரோ, "எதுக்கு சார் அலையுறீங்க, பாதிக்கு செட்டில்மென்ட் போட்டுத் தர்றேன், முடிச்சுக்கோங்க" என்றார்.

இதற்கு மட்டும் சம்மதிக்கவே கூடாது. பாதிப் பணம் கட்டினால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். கடன் வாங்கி முழுசாகக் கட்டாதவர் என்று அதற்கு அர்த்தம். கூடவே, அந்தக் கடன் நம்முடையதுதான் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும்.

அதற்குப் பதில் கடன் ஒப்பந்த நகல், கேஒய்சி என்கிற அடையாள ஆவணங்கள், டியூ கழிந்த வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்ட பிறகு எனக்கு வந்தது. ஆதார் நகல் என்னுடையதுதான். போட்டோவில் இருந்தவர் வேறு யாரோ. நான் தமிழில் கையெழுத்துப் போடுகிறவன். ஒப்பந்தத்தில் ஆங்கிலக் கிறுக்கல்.

அதை வைத்து சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்து, தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் இதற்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. புகார் ரசீதை இணைத்து, அறிக்கையில் உள்ள பதிவு தவறு என்று சிபிலில் டிஸ்ப்யூட் போட்டேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று விதி இருப்பதை மின்னஞ்சலில் குறிப்பிட்டதும் கம்பெனியின் குரலே மாறியது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448.

நமக்கெல்லாம் யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். 2022இல் நடிகை சன்னி லியோனியின் பான் எண்ணிலேயே யாரோ 2000 ரூபாய் கடன் வாங்கியதாக அவரே ட்விட்டரில் புலம்பினார். சின்னத் தொகைக்குத்தான் சோதனை குறைவு.

கடன் மட்டுமில்லை. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். வருமான வரித் தளத்தில், வரித்துறைக்கு வந்த நம் வருமான விவரங்களைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையில் நீங்கள் வேலையே பார்க்காத கம்பெனியின் சம்பளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் உங்கள் பெயரில் கடை எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று லாகின் இல்லாமலே தெரியும். கூலி வேலை செய்கிறவர்களுக்கு லட்சக்கணக்கில் வரி நோட்டீஸ் வருவது இந்த வழியில்தான்.

என் கடன் கணக்கை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வேளச்சேரி முகவரியும் அந்த மொபைல் எண்ணும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அவற்றுக்குத் தனியாக டிஸ்ப்யூட் போட வேண்டுமாம், போட்டிருக்கிறேன்.