எங்கள் ஊர் பஞ்சாயத்து ஆபீஸ்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

வீட்டு வரி ரசீதில் அப்பா பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுவதற்கு ஐந்து மாதத்தில் ஒன்பது தடவை நடந்தேன். அதே ஆபீஸில், தெருக்குழாய் பைப் உடைந்து தண்ணீர் பீய்ச்சுகிறது என்று காலையில் போய்ச் சொன்னேன், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் குழி தோண்டி ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஓட்டலுக்கும் செருப்புக் கடைக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோமே, இதற்கு ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது.

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். நாளைக்கும் அதே படியேறித்தான் ஆக வேண்டும். பாலக்கோட்டுக்கும் காரிமங்கலத்துக்கும் நடுவில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள் இருக்கின்றன, எது என்று கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

முதலில் கட்டடம். புளியமரத்தடியில் இருக்கிறது, நிழலுக்குக் குறைவில்லை. உள்ளே இரண்டு மேஜை, ஒரு பீரோ, ஒரு கம்ப்யூட்டர். பீரோ சாவி செயலரிடம் மட்டும்தான். செயலர் என்றால் ஊரில் யாருக்கும் புரியாது, கிளார்க் என்றால்தான் தெரியும். அவருக்கு எங்கள் ஊராட்சியோடு பக்கத்து ஊராட்சியும் கூடுதல் பொறுப்பு. அதனால் செவ்வாயும் வியாழனும் இங்கே, மற்ற நாள் அங்கே, நடுவில் மீட்டிங் என்று யூனியன் ஆபீஸ் கூப்பிட்டால் இரண்டு இடத்திலும் இல்லை. வாசலில் அலுவலக நேரம் எழுதிய போர்டு இருக்கிறது, அதை நம்பி வராதீர்கள். எதிர் டீக்கடையில் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

வெளியூரிலிருந்து திரும்பி வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, எல்லாவற்றுக்கும் பஞ்சாயத்து ஆபீஸுக்கு வந்து நிற்பது. பட்டா, சிட்டா, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் விஏஓ பார்ப்பது, அது வேறு ஆபீஸ், வேறு துறை. இங்கே கிடைப்பது வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ஊருக்குள் போடும் ரோடு, சுடுகாடு, வீடு கட்ட அனுமதி. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டத்தில் 110-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஊராட்சி கட்டாயம் செய்தாக வேண்டிய வேலைகள் அதில்தான் வருகின்றன. பஸ் போகிற மெயின் ரோட்டில் குழி விழுந்தால் "அது ஹைவேஸுங்ணா" என்று கையை விரித்துவிடுவார்கள். அது சாக்கு இல்லை, நிஜமாகவே அவர்களுடையது இல்லை. நான் அது தெரியாமல் ஒரு தடவை அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பெயர் மாற்றக் கதைக்கு வருகிறேன். அப்பா போய் ஒரு வருஷம் ஆனது. கரண்ட் கனெக்ஷனை என் பெயருக்கு மாற்றலாம் என்று போனால் வீட்டு வரி ரசீது கொண்டுவா என்றார்கள், அது இன்னும் அப்பா பெயரில். சரி, ஒரு காகிதம்தானே என்று பிப்ரவரியில் போனேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், பழைய ரசீது, ஆதார். எல்லாம் இருந்தது. வாரிசுச் சான்றில் தம்பி பெயருக்கு இனிஷியல் முன்னால் இருந்தது, ஆதாரில் பின்னால். அதற்கு ஒரு நடை. தம்பியும் தங்கையும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மூன்றாவது நடையில் கிளார்க் சொன்னார், முதல் நடையிலேயே சொல்லியிருந்தால் பொங்கலுக்கு எல்லோரும் வீட்டில் இருந்தபோதே வாங்கியிருப்பேன் என்றேன். "நீங்க வந்ததே பொங்கல் முடிஞ்சுதானேண்ணா" என்றார். அது உண்மைதான்.

காசு கேட்டாரா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்த தலைவர், வார்டு மெம்பர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்புறம் தலைவர் இடத்தில் தனி அலுவலர், அதாவது யூனியன் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர், பிடிஓ. ஒன்றியத்தில் இருக்கும் அத்தனை ஊராட்சிக்கும் அவர்தான் தலைவர் மாதிரி. என் ஃபைல் போய் அவர் மேஜையில் உட்கார்ந்ததா, போகும் வழியில் உட்கார்ந்ததா என்று இன்றுவரை தெரியாது. ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை கிளார்க்கே போன் செய்து "அண்ணா, ஏறிடுச்சு" என்றார். ஏறியதற்கப்புறம் ஒரு குறையும் சொல்ல முடியாது. வரி எண்ணைப் போட்டதும் ஆன்லைனில் என் பெயரோடு வந்தது, திண்ணையில் உட்கார்ந்தபடியே போனில் கட்டினேன், ரசீதும் வந்துவிட்டது. முன்பெல்லாம் ரசீது புத்தகம் தீர்ந்துவிட்டது என்று ஒரு மாதம் அலையவிட்ட காலமும் உண்டு.

தலைவர் இருந்தபோது மட்டும் தேனாறும் பாலாறும் ஓடியதா என்றால், இல்லை. எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கிய இடம். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஜெயித்தது ஓர் அக்கா, முதல் வருஷம் பைக்கில் சுற்றியது அவர் வீட்டுக்காரர். ஊரே அவரைத்தான் பிரசிடென்ட் என்று கூப்பிட்டது. இரண்டு வருஷம் போனதும் அக்காவே ஆபீஸுக்கு வர ஆரம்பித்தார், மோட்டார் ரிப்பேர் பில்லை வைத்துக்கொண்டு "போன மாசம்தானே காயில் கட்டினீங்க, மறுபடி என்ன?" என்று கேட்டதை நானே பார்த்தேன். ஆனால் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும், எங்கள் ஊரில் இரண்டு பேரும் எதிரெதிர் கட்சி. பல்பு வாங்க நான்கு மாதம் ஆனது. இருந்தும் ஒன்று சொல்வேன், அக்காவை ரேஷன் கடை வரிசையில் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். பிடிஓவை எந்த வரிசையில் போய்ப் பிடிப்பது? தண்ணீர் வரவில்லை என்றால் திட்டுவதற்குக்கூட ஊருக்குள் ஆள் இல்லாமல் போனதுதான் இந்த வருஷத்துப் பெரிய குறை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், மூன்று நட்சத்திரத்தில் இரண்டு அதற்குத்தான். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் கறை ஏற்றிவிடும். என் பெரியப்பா சிரித்தால் பல் முழுக்கக் காவி ஏறியிருக்கும், வெற்றிலை என்று நினைப்பார்கள், அவர் வாழ்நாளில் வெற்றிலை தொட்டதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இந்தக் கறைப் பல் தலைமுறை ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், ஜப்பான் கடன், 1,928 கோடி மதிப்பீடு, 2013 மே மாதம் தொடக்கம். காவிரித் தண்ணீர் அத்தனை தூரம் குழாயில் வந்து எங்கள் மேல்நிலைத் தொட்டியில் விழுகிறது. அதுவரை கொண்டுவருவது குடிநீர் வாரியம், தொட்டியிலிருந்து வீட்டுக்கு விடுவது பஞ்சாயத்து.

பஞ்சாயத்து என்றால் இங்கே டேங்க் ஆபரேட்டர் என்று அர்த்தம். ஐம்பது வயசிருக்கும். காலையில் ஐந்தரைக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் வால்வு திருப்புகிற நீளமான இரும்புச் சாவியைக் கிடையாகக் கட்டிக்கொண்டு வருவார். குழியின் மூடியைக் காலால் தள்ளிவிட்டுச் சாவியை உள்ளே விட்டு எத்தனை சுற்று என்று மனதுக்குள் எண்ணியபடியே திருப்புவார். எங்கள் தெருவுக்குப் பதினொரு சுற்று, மேட்டுத் தெருவுக்கு முழுசாகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி ஆறு வீட்டுக்கு ஏறாது. முதலில் குழாயில் புஸ்ஸென்று காற்று வரும், அப்புறம் செம்மண் கலந்து ஒரு குடம், அதை மாட்டுக்குப் பிடித்துவிட்டு அடுத்ததிலிருந்து குடிக்கப் பிடிக்கிறோம். என்றைக்கு ஒகேனக்கல் தண்ணீர், என்றைக்கு போர் தண்ணீர் என்று அவரைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, வருகிற அன்று குறைவில்லை. வீட்டு இணைப்பில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். யாரும் ஒயரைப் பிடுங்க மாட்டார்கள், காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கேதான் இந்த ஆபீஸின் பலவீனம். விதி போடுவார்கள், அமல் செய்ய மாட்டார்கள். குப்பை கொட்டினால் அபராதம் என்று குளத்து மேட்டில் போர்டு இருக்கிறது, கோழிக்கடைக்காரர் மூட்டையைச் சரியாக அந்த போர்டுக் காலில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறார். எல்லோரும் மாமன் மச்சான், யார் யாரிடம் அபராதம் வாங்குவது?

2025 ஜனவரி 26 கிராம சபைக்குப் போயிருந்தேன். இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை: குடியரசு தினம், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், ஆகஸ்ட் 15, காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள், 2022-ல் அரசே அது வேண்டாம் என்று சொன்னதிலிருந்து ஆட்டோவில் மைக், இல்லாவிட்டால் வாட்ஸ்அப். எங்கள் ஊர் மாதிரி மூவாயிரத்துக்கு மேல் ஜனத்தொகை இருந்தால் 200 பேர் வர வேண்டும். நான் எண்ணியதில் எண்பது சொச்சம், அதில் பாதி நூறு நாள் வேலை அக்காமார்கள். கையெழுத்து நோட்டு மட்டும் மத்தியானம்வரை தெருத்தெருவாகப் போனது. கூட்டத்தைக் கவனிக்க மேலிருந்து வந்த அலுவலர், பற்றாளர் என்பார்கள், வரவு செலவை கோயில் அர்ச்சனை வேகத்தில் படித்து முடித்தார்.

அப்போது கொள்ளு அறுப்பு. எங்கள் பக்கத்தில் கொள்ளும் ராகியும் அறுத்தால் தாரோட்டில்தான் பரப்புவார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறி அடித்துக் கொடுத்துவிடும், கூலி மிச்சம். அதற்கு முதல் வாரம் ஒரு காரின் அடியில் கொடி சுற்றி சைலன்சர் சூட்டில் புகைந்து, நல்ல வேளையாக அணைத்தார்கள். அதனால் ரோட்டில் கொள்ளுத் தாள் போடக்கூடாது, களத்தில்தான் போட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வாசித்தார்கள். பின்னாலிருந்து ஓர் அக்கா எழுந்தார்: "களம் பூரா சிமெண்ட் ரோட்டுக்கு ஜல்லி கொட்டி ஆறு மாசமா வெச்சிருக்கீங்களே, உங்க வீட்டு மொட்டை மாடியில போடட்டுமா சார்?" கூட்டம் சிரித்தது, பற்றாளரும் சிரித்தார், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஜல்லி மார்ச்சில்தான் போனது. கொள்ளு அதற்குள் ரோட்டிலேயே அடித்து, தூற்றி, வீட்டுக்குப் போய்விட்டது.

வீடு கட்டும் அனுமதி விஷயத்தில் நல்ல மாற்றம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிவரை மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட ஆன்லைனில் சுயசான்று கொடுத்தே அனுமதி வாங்கலாம். என் மச்சான் அப்படித்தான் வாங்கினான், ஆபீஸ் வாசலையே மிதிக்கவில்லை. ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி ரோட்டோரம் "பஞ்சாயத்து அப்ரூவல் பிளாட்" என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள், மனைப்பிரிவுக்கு டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் வேண்டும், பழைய தலைவர் கையெழுத்துப் போட்ட காகிதம் அதற்கு ஈடாகாது.

கடைசியாகத் தெருவிளக்கு. எங்கள் வீட்டு முக்குக் கம்பத்தில் பல்பு போய் நாற்பது நாள். கிளார்க்கிடம் நான்கு தடவை சொன்னேன். பிறகு புகார் சொல்வதற்கான ஊராட்சி மணி எண் 155340-க்குப் போன் போட்டேன், பெயர், ஊர், கம்பம் எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஏணியோடு ஆள் வந்தது. கிளார்க்குக்கு மட்டும் மனசு கோணிவிட்டது, "எங்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா" என்கிறார்! அதற்கும் கேட்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள் இருக்கிறது, எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

போகிறவர்கள் வியாழன் பத்தரைக்குப் போங்கள், பதினொன்றரைக்கு மேல் கிளார்க் கிளம்பிவிடுவார். எல்லாக் காகிதத்திலும் மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் அவர் கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்கி வையுங்கள். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை கிடையாது, நாலு கிலோமீட்டர் தள்ளி பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது, அதுவும் கரண்ட் இருந்தால்தான்.